கெசட், சீடி, பென் டிரைவ்: வீட்டிலுள்ள பாட்டையெல்லாம் ஒரே பிளேயரில் சேர்ப்பது எப்படி?

மேற்கொண்டு வாசிப்பதற்கு முன், உங்கள் வீட்டில் பாட்டு எங்கெங்கே கிடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அலுமாரிக்கு மேலே சூட்கேஸில் கெசட். டவுனில் வாங்கிய எம்பி3 சீடி. வேனில் எப்போதும் செருகியபடியே இருக்கும் பென் டிரைவ். பழைய போனிலிருந்து கழற்றி வைத்த 2 ஜீபி சிப். வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த குரல் பதிவுகள். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருந்தது. அதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, பெயர்களைச் சரிசெய்து, தேடினால் கிடைக்கும்படி ஆக்குவதற்குள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இணையத்தில் கிடைத்த விளக்கங்கள் பெரும்பாலும் மேல்நாட்டு ஆல்பங்களை மனதில் வைத்து எழுதியவை. ஒரு படத்தில் ஆறு பாட்டு, ஆறுக்கும் வெவ்வேறு பாடகர்கள் என்ற நம் வழக்கத்துக்கு அவை சரிவரவில்லை. நம் மலையகத் தேயிலைத் தோட்டத்துக் கூத்துப் பாட்டை எங்கே வைப்பது என்று யாருமே சொல்லவில்லை. நீங்களும் அதே அலைச்சல் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விண்டோஸ் கணினியும் ஆண்ட்ராய்ட் போனும் வைத்திருப்பவர்களுக்கே இது பொருந்தும்.

1. எதற்குச் செலவாகும், எதற்கு ஆகாது

மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கணினியில் பாட்டுக் கேட்க மியூசிக்பீ, பாட்டின் விவரங்களைத் திருத்த எம்பி3டேக், கெசட்டைப் பதிவுசெய்ய ஒடாசிட்டி, போனுக்கு மியூசிகொலெட். நான்கும் இலவசம். ஒவ்வொன்றையும் அதனதன் சொந்த இணையதளத்திலோ பிளே ஸ்டோரிலோ மட்டும் எடுங்கள். தேடலில் மேலே வரும் ஏதாவதொரு டவுன்லோட் தளத்தில் எடுத்தால் வேண்டாத நான்கு மென்பொருள்களும் கூடவே ஏறிவிடும்.

காசு போவது மூன்று இடங்களில்: வேலை செய்யும் கெசட் செட், அதைக் கணினியோடு இணைக்கும் வயர், ஹார்ட் டிஸ்க். செட்டைப் புதிதாகத் தேடி அலையாதீர்கள். வீட்டுப் பழைய செட் மெதுவாகச் சுழன்று பாட்டு இழுத்தால் அநேகமாக உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். ஹட்டன், பதுளை, பண்டாரவளை போன்ற டவுன்களில் ரேடியோ திருத்தும் கடை இன்னும் இருக்கிறது, பெல்ட் மாற்றிக் கொடுப்பார்கள். கொடுக்கும்போதே நாடாவைத் தொட்டு வாசிக்கும் ஹெட்டைத் துடைத்துத் தரவும் சொல்லுங்கள்.

ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் வாங்கும்போது கவனம். நம்ப முடியாத மலிவு விலையில் 1 டீபி, 2 டீபி என்று விற்கும் பென் டிரைவ்கள் பெரும்பாலும் போலி. கணினியில் 2 டீபி என்றே காட்டும், ஆனால் உள்ளே உண்மையான கொள்ளளவு அதில் ஒரு துளிதான். அது நிரம்பியபின் நீங்கள் போடும் பாட்டெல்லாம் ஏறியது போலத் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. கொழும்பு புறக்கோட்டையில் வாங்கினாலும் பக்கத்து டவுனில் வாங்கினாலும் பில்லும் வொரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள், ஒட்டியிருக்கும் வொரண்டி ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும், பாட்டு எதையும் போடுமுன், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் சோதியுங்கள். சில மணி நேரம் ஓடும், ஓடட்டும்.

எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போடுவது சுலபம். 128 கேபிபிஎஸ் தரமுள்ள எம்பி3 நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டுகள் ஆயிரம் என்றால் 5 ஜீபிக்குள் அடங்கும். 320 கேபிபிஎஸ் என்றால் அதைப்போல் இரண்டரை மடங்கு. கெசட்டை வேவ் ஆக, அதாவது சுருக்காத முழு ஒலியாகப் பதிவுசெய்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, அதாவது ஒரு 60 நிமிடக் கெசட்டுக்கு 600 எம்பி. இருபது கெசட் இருந்தால் 12 ஜீபி. சாதாரண வீட்டுக்கு 500 ஜீபி டிஸ்க் தாராளம்.

2. சேருங்கள், ஆனால் எதையும் திருத்தாதீர்கள்

டிஸ்க்கில் "வந்தபடி" என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, ஒவ்வொரு பென் டிரைவையும் சீடியையும் சிப்பையும் அதற்குள் தனித்தனி ஃபோல்டராகப் பிரதி எடுங்கள். "வேன் பென் டிரைவ்", "சித்தப்பா சீடி 3" என்று எங்கிருந்து வந்தது என்பதே பெயராக இருக்கட்டும். கட் செய்து ஒட்டாதீர்கள், கொப்பி மட்டும். நடுவில் கரண்ட் போனால் கட் செய்த பாட்டு இரண்டு பக்கமும் இல்லாமல் போகக்கூடும்.

இந்த ஃபோல்டரைக் கடைசிவரை தொடவேண்டாம். திருத்தமெல்லாம் அதிலிருந்து எடுத்த இன்னொரு பிரதியில்தான்.

சீடி கீறல் விழுந்து பிரதி பாதியில் நின்றால், மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். அப்படியும் வராத பாட்டைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள். சினிமாப் பாட்டு என்றால் வேறெங்காவது கிடைத்துவிடும்.

வாட்ஸ்அப்பில் பாட்டு அனுப்பச் சொல்லும்போது, டொக்கியுமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஓடியோவாக அனுப்பினால் பாட்டின் பெயர் போய், திகதியும் ஓர் எண்ணும் மட்டும் மிஞ்சிய ஃபைலாக உங்களிடம் வந்து சேரும். அப்படி நூறு சேர்ந்துவிட்டால் ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டுத்தான் பெயர் வைக்கவேண்டும்.

3. வேறெங்கும் கிடைக்காததை முதலில் காப்பாற்றுங்கள்

எல்லோரும் சினிமாப் பாட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அது காத்திருக்கும். உங்கள் தோட்டத்தில் மாசி மாதம் ஆடிய, ரதி மதன் கதை சொல்லும் காமன் கூத்தின் கெசட், தாத்தா பாடிய ஒப்பாரி, கோயில் திருவிழாவில் யாரோ போனில் எடுத்த தப்பு மேளம், இரவு முழுக்க நடந்த பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு: இவற்றுக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும், அது உங்கள் சூட்கேஸில் பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருக்கும். முதல் வாரம் முழுக்க இதற்கே போகட்டும்.

கெசட்டைக் கையில் எடுத்ததும் மேல் விளிம்பைப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் தடுப்பு இருந்தால் இரண்டையும் உடைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் ரெக்கோர்ட் பட்டன் அமுங்காது, தவறுதலாக அழியவும் வழியில்லை. பிறகு வெளிச்சத்தில் பிடித்து நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் பொடி போலப் படிந்திருந்தால் அது பூஞ்சணம். அப்படியே செட்டில் போட்டால் ஹெட் அழுக்காகி அடுத்த கெசட்டுக்கும் ஒட்டும். பூஞ்சணம் பிடித்தவற்றை வேறாக வைத்து, மற்றவற்றை முடித்தபின் கடைசியாகப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைக்கவேண்டும். ஹெட்டுக்கு, பஞ்சு சுற்றிய குச்சியில் தொட்ட ஐசோபுரோப்பைல் அற்ககோல். காய்ந்தபின் போடுங்கள்.

நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கம்பளித் துண்டு விழுந்திருந்தால் சத்தம் மங்கலாக வரும். பழைய சினிமாக் கெசட் ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டலாம். நாடா தளர்ந்திருந்தால் பென்சிலைப் பற்சக்கரத்தில் விட்டுச் சுற்றுங்கள். பதிவுக்கு முன் ஒருமுறை கடைசிவரை ஓடவிட்டுத் திரும்பச் சுற்றினால் நாடா சீராக ஓடும்.

காலத்தையும் பார்த்துத் தொடங்குங்கள். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை காற்று ஓரளவு காய்ந்திருக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை நல்லது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மத்தியானத்துக்குமேல் இடி மின்னல் வரும். அந்த மாதங்களில் காலையிலேயே பதிவை முடித்து, பிளக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

4. கெசட்டிலிருந்து கணினிக்கு

செட்டுக்கு முன்னால் போனை வைத்துப் பதிவுசெய்யாதீர்கள். லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுப் பேச்சும் குக்கர் விசிலும் கூத்தோடு சேர்ந்து நிரந்தரமாகப் பதிந்துவிடும். வயர்தான் வழி.

செட்டின் லைன் அவுட் துளையிலிருந்து, அது இல்லையென்றால் ஹெட்ஃபோன் துளையிலிருந்து, இரண்டு பக்கமும் 3.5 மில்லிமீற்றர் முனையுள்ள ஓக்ஸ் வயரைக் கணினிக்குக் கொடுக்கவேண்டும். பொறி இங்கேதான். மேசைக் கணினிகளில் நீல நிற லைன் இன் துளை இருக்கும், அதில் செருகலாம். மடிக்கணினிகளில் பெரும்பாலும் மைக் துளை மட்டும்தான். அது ஒற்றைத் தடம், அதோடு மைக்கின் மெல்லிய சத்தத்துக்காக அமைந்தது. செட்டிலிருந்து வரும் சத்தம் அதில் கரகரவென்று உடையும். அதற்கு யூஎஸ்பியில் செருகும் சவுண்ட் கார்ட் வேண்டும். கடையில் கேட்கும்போது "ஸ்டீரியோ லைன் இன் இருக்கிறதா" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். மலிவானவை பலவற்றில் மைக் துளைதான் இருக்கும், அதை வாங்கி வந்தால் மறுபடியும் அதே கரகரப்பு.

ஒடாசிட்டியில் 44100 ஹேர்ட்ஸ், ஸ்டீரியோ என்று வையுங்கள். செட்டின் வொலியூமை மூன்றில் ஒரு பங்கில் வைத்து, கெசட்டில் சத்தம் அதிகமுள்ள இடத்தை ஓடவிட்டு மீட்டரைப் பாருங்கள். தப்பு அடிக்கும் இடத்தில்கூட மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டக்கூடாது. தாண்டி உடைந்த சத்தத்தைப் பிறகு எதனாலும் சரிசெய்ய முடியாது, குறைவாகப் பதிந்ததைக் கூட்டிக்கொள்ளலாம். "ம்ம்" என்று ஓர் இரைச்சல் அடியில் ஓடினால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பெட்டரியில் ஓட்டிப் பாருங்கள். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல் சார்ஜர் வழியாக வருவது வழக்கம். கணினியின் அறிவிப்புச் சத்தங்களையும் நிறுத்தி வையுங்கள்.

60 நிமிடக் கெசட்டுக்கு 60 நிமிடம்தான் ஆகும், வேகமாக எடுக்கக் குறுக்குவழி கிடையாது. ஒரு பக்கம் முடிந்ததும் சேமித்துவிட்டு மறுபக்கம் போடுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே ஓட்டத்தில் எடுக்கப்போய் நடுவில் கரண்ட் போனால் வீண் வேலை.

முழுப் பக்கத்தையும் வெட்டாமல் வேவ் ஆகவோ, தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் ஆகவோ ஒருமுறை சேமியுங்கள். அதுதான் உங்கள் மூலப்பிரதி. இரைச்சல் நீக்கும் வேலையை அதில் செய்யாதீர்கள். அந்த இரைச்சலோடு சேர்த்துத் தப்பின் கார்வையையும் மென்பொருள் வழித்துவிடும். பிறகு இன்னொரு பிரதியில், பாட்டு தொடங்கும் இடங்களில் கன்ட்ரோலும் பீயும் அழுத்திக் குறி வைத்துப் பெயர் எழுதினால், குறிகளின்படி தனித்தனி ஃபைல்களாகப் பிரித்து ஏற்றுமதி செய்யலாம். கூத்தைப் பாட்டுப் பாட்டாக வெட்டாதீர்கள். கம்பம் நடுவது, ரதி மதன் கல்யாணம், தகனம் என்று கட்டம் கட்டமாகப் பிரித்தால் கேட்பவருக்குக் கதை புரியும்.

டவுனில் ஸ்டூடியோவில் கொடுத்தும் மாற்றலாம். கொடுப்பதென்றால் வேவ் ஆகத் தரவேண்டும், இரைச்சல் நீக்கக்கூடாது, கெசட்டைத் திருப்பித் தரவேண்டும் என்ற மூன்றையும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

5. விவரக் குறிப்பு: யார், எங்கே, எப்போது

கூத்துக்கும் வீட்டுப் பதிவுக்கும் இணையத்தில் விவரம் கிடைக்காது. இதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். ஒரு சிஆர் கொப்பி, அதாவது நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு கெசட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண்ணைக் கெசட்டின் மேலும் எழுதி, கொப்பியில் இவற்றைக் குறியுங்கள்: தோட்டம், டிவிஷன், ஆண்டு, கூத்து வாத்தியார் யார், ரதியாக யார், மதனாக யார், தப்பு அடித்தது யார், பதிவுசெய்தது யார். ஆண்டு தெரியாவிட்டால் "பெரியக்கா கல்யாணத்துக்கு முதல் வருஷம்" என்று சொல்வார்கள். அதை அப்படியே எழுதுங்கள், ஆண்டைப் பிறகு கண்டுபிடிக்கலாம்.

கெசட் அட்டையின் இரண்டு பக்கத்தையும் போனில் படமெடுத்துப் பாட்டோடு அதே ஃபோல்டரில் வையுங்கள். பாடியவரிடமோ அவர் பிள்ளைகளிடமோ ஒரு வார்த்தை கேட்டு, "வீட்டுக்குள் மட்டும்", "இணையத்தில் போடலாம்" என்று அவர்கள் சொன்னதையும் கொப்பியில் எழுதுங்கள். பிறகு யூடியூபில் போடும் ஆசை வந்தால் அந்த வரிதான் உங்களுக்கு ஆதாரம்.

ஊர்ச் சங்கமோ கோயில் கமிட்டியோ வைத்திருக்கும் பழைய பட்டியல் கொமினிகேஷன் கடையில் பாமினி எழுத்துருவில் டைப் செய்ததாக இருக்கும். அதை அப்படியே கொப்பி செய்து பாட்டின் விவரத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். பாமினியை யூனிகோடாக மாற்றும் பக்கங்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றியபின் ஒட்டுங்கள்.

6. டேக்: பாதி வேலை இதுதான்

பாட்டு ஃபைலின் பெயர் வேறு, அதற்குள்ளே எழுதியிருக்கும் விவரம் வேறு. பிளேயர் காட்டுவது உள்ளே இருப்பதைத்தான். வெளியே பெயரை மாற்றிவிட்டு, பிளேயரில் ஏன் பழைய பெயரே வருகிறது என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். உள்ளே இருக்கும் அந்த விவரத்தை டேக் என்கிறார்கள். எம்பி3டேக்கில் ஃபோல்டரைத் திறந்தால் எல்லாப் பாட்டின் டேக்கும் அட்டவணையாக வரும், நூறு பாட்டைத் தெரிவுசெய்து ஒரே அடியில் மாற்றலாம்.

தொடங்குமுன் அமைப்பில் ஒன்றை மாற்றுங்கள். எம்பெக் டேக் எழுதும் முறையை ஐடி3 2.3, யூடிஎஃப்-16 என்று வையுங்கள். தமிழ் எழுத்து பத்திரமாக இருக்கும், இந்த முறை டேக்கை விண்டோஸும் பெரும்பாலான செட்களும் ஏற்கும். மிகப் பழைய முதலாம் பதிப்பு டேக்கில் ஒரு விவரத்துக்கு 30 எழுத்துக்குமேல் இடமில்லை, தமிழுக்கு அது ஆகவே ஆகாது.

இனி, இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். ஆர்ட்டிஸ்ட் வேறு, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் வேறு. ஒரு படத்தில் ஆறு பாட்டுக்கு ஆறு விதமாகப் பாடகர் பெயர் இருந்து, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் வெறுமையாக இருந்தால், பல பிளேயர்கள் அதை ஆறு தனி ஆல்பமாக உடைத்துப் போடும். உங்களிடம் முந்நூறு படம் இருந்தால் திரையில் ஆயிரத்துக்குமேல் ஆல்பம் தெரியும். இறக்குமதி கெட்டுவிட்டது என்று எல்லாவற்றையும் அழித்து மறுபடி தொடங்குவார்கள், மறுபடியும் அதேதான் நடக்கும்.

நம் பாட்டுகளுக்கு நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. தலைப்பில் பாட்டின் முதல் வரி. ஆர்ட்டிஸ்டில் பாடகர்கள், இருவர் என்றால் நடுவில் அரைப்புள்ளி. அப்படியென்றால் மியூசிக்பீ இருவரையும் தனித்தனியாக அறிந்துகொள்ளும். ஆல்பத்தில் படத்தின் பெயரும் ஆண்டும். ஆல்பம் ஆர்ட்டிஸ்டிலும் கம்போசரிலும் இசையமைப்பாளர். ஆண்டை ஆல்பத்தின் பெயரிலேயே சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. "பில்லா" 1980இலும் வந்தது, 2007இலும் வந்தது. ஆண்டு இல்லாவிட்டால் இரண்டும் ஒரே ஆல்பமாகக் கலந்துவிட இடமுண்டு.

கூத்துப் பதிவென்றால் ஆல்பத்தில் கூத்தின் பெயர், தோட்டம், ஆண்டு. ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் தோட்டத்தின் பெயர். ஆர்ட்டிஸ்டில் பாடியவர். கொமென்ட் கட்டத்தில் கொப்பியிலுள்ள கெசட் எண். இப்படி வைத்தால் தோட்டத்தின் பெயரைத் தட்டியதும் அங்கே நடந்த கூத்து, பஜனை, ஒப்பாரி எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஜானரை, அதாவது பாட்டின் வகையை, ஐந்தாறோடு நிறுத்துங்கள்: திரைப்பாடல், பக்தி, கீதம், கூத்து, நாட்டார் பாடல், வீட்டுப் பதிவு.

பெயரைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா? வீட்டுத் தொகுப்புக்குத் தமிழ்தான் என்பது என் முடிவு. இளையராஜாவை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதியிருப்பார்கள், பிளேயருக்கு அது நான்கைந்து ஆள். தமிழிலும் ஒரு சிக்கல் உண்டு, தலைப்பெழுத்து. எம்.எஸ்.விஸ்வநாதன் என்று இடைவெளி இல்லாமலும், எம். எஸ். விஸ்வநாதன் என்று இடைவெளியோடும், எம்எஸ்வி என்றும் எழுதினால் மூன்று பேர் ஆகிவிடுவார். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பெயர்ப் பட்டியல் ஒன்று வைத்து, ஒருவருக்கு ஒரே எழுத்துமுறை என்று முடிவுசெய்யுங்கள். எது சரி என்று மெனக்கெட வேண்டாம், ஒன்றாக இருந்தால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறியும் இருக்கிறது. பார்வைக்கு ஒரே பெயர், எழுத்துக்கு எழுத்து அப்படியே, ஆனால் பிளேயரில் இரண்டு முறை வரும். கொ, கோ போன்ற எழுத்துகளைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி கால் தனியாக. ஸ்ரீ என்பதும் அப்படித்தான். வெவ்வேறு கீபோர்டில் டைப் செய்தாலோ, வெவ்வேறு இடத்தில் கொப்பி செய்தாலோ இது வரும். எம்பி3டேக்கில் அந்தப் பெயருள்ள பாட்டுகள் எல்லாவற்றையும் தெரிவுசெய்து, ஒருமுறை புதிதாக டைப் செய்து சேமித்தால் தீர்ந்தது.

டவுன்லோட் செய்த பாட்டுகளின் பெயருக்குப் பின்னால் இணையதள விளம்பரம் ஒட்டியிருக்கும். எம்பி3டேக்கின் அக்ஷன் பகுதியில், அந்தச் சொல்லைக் கண்டால் வெறுமையாக மாற்று என்று ஒரு கட்டளை எழுதினால் ஆயிரம் பாட்டுக்கும் ஒரே நிமிடம். டேக் எதுவுமே இல்லாமல், ஃபைல் பெயரில் "பாடகர் - பாட்டு" என்றிருந்தால் ஓல்ட்டும் 2உம் அழுத்துங்கள், பெயரைப் பிரித்து டேக்கில் போட்டுத் தரும்.

அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். ஆயிரம் பாட்டுக்கு மாலை நேரங்களில் உட்கார்ந்தால் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். மழைக் காலத்துக்கு ஏற்ற வேலை.

7. ஃபோல்டரும் ஃபைல் பெயரும்

"பாட்டு" என்று ஒரு தலை ஃபோல்டர், அதற்குள் இசையமைப்பாளர் அல்லது தோட்டம், அதற்குள் படம் அல்லது கூத்து. மூன்று படிக்குமேல் வேண்டாம். ஃபைல் பெயர் "01 பாட்டின் பெயர்" என்று சுருக்கமாக இருக்கட்டும். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு, இரட்டை மேற்கோள் இவற்றை விண்டோஸ் ஃபைல் பெயரில் ஏற்காது.

பாட்டின் முழு வரியையும் பெயராக வைக்காதீர்கள். போனின் உள் நினைவகம் ஒரு ஃபைல் பெயருக்குப் பொதுவாக 255 பைட்தான் தரும். தமிழில் ஒரு குறிக்கு 3 பைட். "ம்" என்ற ஒரெழுத்தில் மகரம் ஒன்று, புள்ளி ஒன்று, ஆக 6 பைட். நாற்பது ஐம்பது எழுத்திலேயே இடம் தீர்ந்து, கணினியில் சரியாக இருந்த பாட்டு போனில் ஏற மறுக்கும்.

8. மியூசிக்பீயில் இறக்குமதி

டேக் வேலை முடிந்தபின் இது பத்து நிமிடம்.

முதலில் ஒரே ஒரு இசையமைப்பாளரின் ஃபோல்டரை மட்டும் கொடுத்துப் பாருங்கள். ஆல்பங்கள் உடையாமல் வருகிறதா, தமிழ் சரியாகத் தெரிகிறதா, ஆண்டு ஒழுங்கு சரியா என்று பார்த்துத் திருப்தியானபின் அமைப்பிலுள்ள லைப்ரரி பகுதியில் "பாட்டு" ஃபோல்டரைக் கண்காணிக்கும் ஃபோல்டராகச் சேர்த்து ஸ்கேன் செய்யவிடுங்கள். "வந்தபடி" ஃபோல்டரைச் சேர்த்துவிடாதீர்கள், எல்லாப் பாட்டும் இரண்டு முறை வரும்.

பாட்டைத் தன் சொந்த ஃபோல்டருக்குப் பிரதி எடுக்கவா, ஃபைல்களைத் தானே ஒழுங்குபடுத்தவா என்று பிளேயர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐடியூன்ஸ் போன்றவற்றில் இந்த வசதி இருக்கிறது. அதற்கு இடம் கொடுத்தால் டிஸ்க்கில் இரட்டிப்பு இடம் போகும், எந்தப் பிரதியைத் திருத்துகிறோம் என்பதும் தெரியாமல் போகும்.

வெளி ஹார்ட் டிஸ்க்கில் பாட்டு இருந்தால் இன்னொன்று செய்யவேண்டும். இன்றைக்கு ஈ டிரைவ் என்று வந்த டிஸ்க், நாளைக்கு வேறு பென் டிரைவ் செருகியிருக்கும்போது எஃப் என்று வரலாம். பிளேயர் பழைய இடத்தில் தேடி, ஒரு பாட்டையும் காணவில்லை என்று சொல்லும். பாட்டுகள் எங்கும் போகவில்லை, பதறி எதையும் அழிக்காதீர்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் அந்த டிஸ்க்குக்கு எம் போன்ற பின்னாலுள்ள ஓர் எழுத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டு, அதன்பிறகு இறக்குமதி செய்யுங்கள். இறக்குமதி முடிந்தபின் ஃபோல்டர்களை விண்டோஸில் இடம் மாற்றவோ பெயர் மாற்றவோ கூடாது.

ஒரு பாட்டு மெதுவாகவும் அடுத்தது காதைப் பிளப்பதாகவும் இருந்தால் வொலியூமை அளக்கும் வசதி மியூசிக்பீயிலேயே உண்டு. பாட்டின் ஒலியை மாற்றாமல் அளவை மட்டும் குறித்துக்கொள்ளும் முறையில் செய்யுங்கள். 128ஐ 320ஆக மாற்றினால் தரம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஃபைல்தான் பெரிதாகும்.

9. போனுக்கும் வேனுக்கும்

போனுக்கு யூஎஸ்பி வயரால் பிரதி எடுங்கள், டேட்டா செலவில்லை. 30 ஜீபிக்கு ஒரு மணி நேரம் அளவில் ஆகலாம். மியூசிகொலெட்டில் வாட்ஸ்அப் குரல் பதிவு ஃபோல்டர்களை மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாட்டுக்கு நடுவில் யாருடைய பேச்சாவது ஓடும்.

வேன், பஸ், த்ரீவீலர் செட்கள் வேறு மாதிரி. பலவற்றுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, வெறும் கட்டம் கட்டமாகக் காட்டும். ஃப்ளாக் ஓடாது. அதற்கென்று ஒரு தனி பென் டிரைவ் வைத்து, ஃபேட்32 முறையில் ஃபோர்மட் செய்து, எம்பி3 மட்டும், ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துப் போடுங்கள். விண்டோஸின் ஃபோர்மட் பெட்டியில் 32 ஜீபிக்கு மேற்பட்ட பென் டிரைவுக்கு ஃபேட்32 பொதுவாக வராது, ஆகவே 32 ஜீபியே வாங்குங்கள், ஆயிரக்கணக்கில் பாட்டுக் கொள்ளும். இந்தச் செட்களில் பல, பாட்டைப் பெயர் ஒழுங்கில் ஓட்டாமல் பென் டிரைவில் ஏற்றிய ஒழுங்கில் ஓட்டும். அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக இழுத்துப் போடாமல், முதலில் ஓடவேண்டிய ஃபோல்டரை முதலில் என்று ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.

10. பிரதிகள்

மூன்று பிரதி வேண்டும்: கணினியில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று. கொழும்பில் வேலை செய்யும் தம்பியிடமோ, கண்டியிலிருக்கும் அத்தை வீட்டிலோ கொடுத்து வையுங்கள். லயத்தில் தீ, மண்சரிவு, கூரை ஒழுக்கு எல்லாம் நம் பக்கத்துக்குப் புதிதில்லை, ஒரே அலுமாரியில் மூன்று பிரதி வைத்தால் அது ஒரு பிரதிதான். கூத்துப் பதிவுகளை மட்டும் கூகுள் டிரைவிலும் ஏற்றலாம். இலவசமாக 15 ஜீபி இருக்கிறது, எம்பி3யாகவோ ஃப்ளாக் ஆகவோ ஏற்றினால் கணிசமான கெசட்கள் அடங்கும். இரவு டேட்டா உள்ள பெக்கேஜ் என்றால் நள்ளிரவுக்குப் பிறகு ஏற்றுங்கள்.

டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் பைகளே போதும், ஈரம் பிடித்தால் மாற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டாம், மூன்றாம் பிரதிகளைத் திறந்து நான்கைந்து பாட்டு கேட்டுப் பாருங்கள். மியூசிக்பீயின் லைப்ரரி ஃபைலையும் கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்ததையும் அதே டிஸ்க்கில் போட மறக்காதீர்கள்.

கெசட்டைப் பதிவுசெய்து முடித்தபின்னும் எறியவேண்டாம். எண் எழுதி, நிமிர்த்தி அடுக்கி, அதே போன்ற டப்பாவில் வையுங்கள்.

இனிமேல் வரும் புதுப் பாட்டுகளுக்கு மியூசிக்பீயில் இன்பொக்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. புதிதாக வருவதை அதில் இறக்கி, டேக் சரிபார்த்து, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் எழுதியபின் லைப்ரரிக்கு அனுப்புங்கள்.